கேமரா ஷட்டர் தேய்ந்துவிட்டதா? கண்டறிவது முதல் பில் கட்டுவது வரை

நல்ல நிலையில் இருந்த ஒரு ஷட்டரை ஒருமுறை காசு கொடுத்து மாற்றியிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் ஒரு திருமண வரவேற்பில் நடுநடுவே சில படங்கள் மிக இருண்டு விழுந்தன. கேமராவின் திரையில் பிழைச் செய்தியும் தோன்றியது. அந்தப் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) அப்போது ஒரு லட்சத்து இருபதாயிரம் கிளிக்குகளைத் தாண்டியிருந்ததால், வேறு எதையும் யோசிக்காமல் ‘ஷட்டர் போயிற்று’ என்று நானே முடிவு கட்டி, மறுநாள் ஒரு பழுதுபார்க்கும் கடையில் பாடியை மட்டும் ஒப்படைத்து, ஷட்டரை மாற்றச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் புது ஷட்டருடன் வந்த கேமராவில் பழைய லென்ஸை மாட்டிய உடனே அதே பிழைச் செய்தி வந்தது. பழுது, வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் லென்ஸின் துவாரத் தகடுகளில் இருந்தது. கடைக்காரர் செய்தது தவறு என்று சொல்ல முடியாது. நான் கேட்டதைத்தான் அவர் செய்தார். ஷட்டரைப் பற்றிய இந்த வழிகாட்டியில் பழுதுபார்க்கும் செலவைவிடப் பழுதைக் கண்டறியும் முறைக்கு நான் கூடுதல் இடம் கொடுப்பதற்கு அந்த அனுபவமே காரணம்.

டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் திருமணம், தைப்பூசக் காவடி, தீமிதி என்று வார இறுதிகளில் படமெடுக்கும் தமிழர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சட்டமும் வரியும் பற்றிய பகுதிகள் தென்னாப்பிரிக்காவுக்கு மட்டுமே பொருந்தும். மற்றவை எங்கு இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

ஷட்டருக்குள் என்ன நடக்கிறது

லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்களில், படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்ட இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை நகர்ந்து சென்சாருக்கு வெளிச்சத்தைத் திறந்துவிடும். இரண்டாம் திரை அதன் பின்னால் வந்து மூடும். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்திருக்கும்போது இவை மேலும் கீழுமாக ஓடுகின்றன. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். அதைக் கடக்க ஒரு திரைக்கு ஏறத்தாழ 3 மில்லிவிநாடி ஆகிறது. நீங்கள் 1/4000 விநாடி வைத்தால் வெளிச்சம் படவேண்டிய நேரம் 0.25 மில்லிவிநாடிதான், ஆகவே முதல் திரை பாதையை முடிப்பதற்கு வெகு முன்பே இரண்டாம் திரை கிளம்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பிளவு மட்டும் சென்சாரின் மேல் ஓடிப்போகும்.

இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் தேய்மானத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும். ஒரு திரை சற்றே மந்தமானால், 1/60 விநாடியில் அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது. அதே தாமதம் 1/4000 விநாடியில் 2 மில்லிமீட்டர் பிளவைப் பாதியாகக் குறைக்கவோ முற்றிலும் மூடிவிடவோ போதுமானது. அதனால்தான் தேயத் தொடங்கிய ஷட்டர் முதலில் அதிவேகங்களில் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. மண்டபத்துக்குள் 1/125 விநாடியில் மட்டும் எடுப்பவர் பல மாதங்கள் அதை அறியாமலே இருக்கலாம்.

கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் ஓய்வு நேரத்தில் ஷட்டர் மூடியிருக்கும். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் சென்சாரிலிருந்தே காட்சியைக் காட்ட வேண்டியிருப்பதால், கேமரா இயங்கும்போது அது திறந்தே இருக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் முதலில் மூடி, பிறகு திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறக்க வேண்டும். மின்னணு முதல் திரை என்ற தேர்வை மெனுவில் வைத்தால் முதலில் மூடும் அசைவு இல்லாமல் போகிறது, எந்திரத்தின் உழைப்பும் குறைகிறது.

எண்ணிக்கை என்பது ஆயுள் ரேகையா?

உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் ஷட்டர் சோதிக்கப்பட்ட எண்ணிக்கையை அறிவிக்கிறார்கள். கேனான் 6டி-க்கு ஒரு லட்சம், 5டி மார்க் 3-க்கும் 5டி மார்க் 4-க்கும் ஒன்றரை லட்சம், நிக்கான் டி750-க்கு ஒன்றரை லட்சம், டி850-க்கும் சோனி ஏ7 3-க்கும் இரண்டு லட்சம், கேனான் 1டி எக்ஸ் மார்க் 2-க்கு நான்கு லட்சம். இந்த எண்ணைத் தாண்டியதும் கேமரா நின்றுவிடும் என்று பொருளில்லை, அதுவரை கட்டாயம் ஓடும் என்ற உத்தரவாதமும் இல்லை. இரண்டு மடங்கு ஓடியவையும் உண்டு. பாதியில் நின்றவையும் உண்டு.

ஒரு திருமணத்துக்கு 2,500 படங்கள், ஆண்டுக்கு 30 திருமணங்கள் என்று எடுப்பவர் ஆண்டுக்கு 75,000 கிளிக்குகளைச் செலவிடுகிறார். ஒன்றரை லட்சம் என்ற எண் இரண்டே ஆண்டில் வந்துவிடும். வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் கேமராவை எடுப்பவருக்கு அது ஒருநாளும் வராமலே போகலாம்; அவருடைய கேமராவுக்கு டர்பனின் ஈரக்காற்றும் பூஞ்சையும் ஷட்டர் தேய்மானத்தைவிடப் பெரிய எதிரிகள்.

எண்ணிக்கையை அறியும் வழி மாடலுக்கு மாடல் வேறுபடும். நிக்கான், பென்டாக்ஸ் கேமராக்கள் ஒவ்வொரு படத்தின் உட்தகவலிலும் அதைப் பதிந்துவிடுகின்றன. எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் கேமராவிலிருந்து நேரே வந்த, திருத்தப்படாத ஒரு படத்தைத் திறந்தால் எண் கிடைத்துவிடும். கேனானின் பெரும்பாலான மாடல்கள் படத்தில் அதை எழுதுவதில்லை. கேமராவைக் கணினியுடன் கேபிளால் இணைத்துப் படிக்கும் தனி மென்பொருள்கள் தேவைப்படும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்த படங்கள் எந்திர ஷட்டரைத் தேய்ப்பதில்லை என்பதால், மிரர்லெஸ் கேமராவில் கோப்பின் பெயரிலுள்ள எண்ணை வைத்துத் தேய்மானத்தைக் கணிக்கக் கூடாது. அந்த எண் 9999-க்குப் பிறகு மறுபடி தொடக்கத்துக்கே போய்விடும் என்பது வேறு விஷயம்; அதை மட்டும் காட்டிப் பழைய கேமராவை விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முதல் படி: ஷட்டர் மேல் பழி போடும் முன் மற்றவற்றை விலக்குங்கள்

முதலில் பேட்டரியை முழுதாக ஏற்றி, முடிந்தால் நிறுவனத்தின் சொந்தப் பேட்டரியையே போட்டுப் பாருங்கள். தளர்ந்த பேட்டரி கண்ணாடியையும் ஷட்டரையும் இழுக்கப் போதிய மின்சாரம் கொடுக்காது; பிழைச் செய்தி ஷட்டரைக் காட்டும். பிறகு மெமரி கார்டை மாற்றுங்கள். பாதி சாம்பல் நிறமாகவோ சிதறிய வண்ணப் பட்டைகளாகவோ உடைந்த படங்கள் பெரும்பாலும் கார்டின் வேலை. ஷட்டர் பழுதானால் கறுப்போ, வெளிச்ச வேறுபாடோதான் தெரியும், படம் சிதறாது.

அடுத்தது லென்ஸ். நான் ஏமாந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸின் துவாரம் நீங்கள் பார்க்கும்போது முழுதாகத் திறந்தே இருக்கும். கிளிக் செய்யும் கணத்தில் மட்டுமே நீங்கள் வைத்த அளவுக்குச் சுருங்கும். ஆகவே துவாரத் தகடுகள் பழுதடைந்தாலும், அவற்றுக்குப் போகும் மெல்லிய நாடாக் கேபிள் முறிந்தாலும், பிழை சரியாக ஷட்டர் இயங்கும் கணத்திலேயே தோன்றும். கண்டுபிடிக்கும் வழி எளிது: லென்ஸின் மிகப் பெரிய துவாரத்தில் பத்துப் படங்கள் எடுங்கள், பிறகு துவாரத்தைச் சிறிதாக்கும் எஃப்/11-இல் பத்துப் படங்கள் எடுங்கள். முதல் பத்தும் நன்றாக வந்து, இரண்டாவது பத்தில் பிழை வந்தால் குற்றவாளி லென்ஸ். அதே சோதனையை வேறொரு லென்ஸுடனும் செய்துவிட்டால் ஐயமே இராது. லென்ஸிலும் பாடியிலும் உள்ள பொன்னிறத் தொடர்புப் புள்ளிகளை உலர்ந்த சுத்தமான துணியால் துடைப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடியவேண்டிய வேலை.

பிறகு ஃப்ளாஷ். படத்தின் நீளப் பக்கத்தை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை விழுந்தால், ஃப்ளாஷின் ஒத்திசைவு வேகத்தைத் தாண்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். முழு சென்சாரும் ஒரே கணத்தில் திறந்திருக்கும் மிக உயர்ந்த வேகம் அது: கேனான் 6டி-யில் 1/180, 5டி மார்க் 4-இல் 1/200, நிக்கான் டி850-இல் 1/250 விநாடி. கேமரா நிறுவனத்தின் சொந்த ஃப்ளாஷ் மாட்டியிருந்தால் கேமரா தானாகவே எல்லை கட்டும். ஃப்ளாஷைத் தொலைவிலிருந்து இயக்கும் மலிவான ரேடியோ டிரிகர்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போகலாம். ஃப்ளாஷை அணைத்ததும் பட்டை மறைந்தால் ஷட்டருக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசியாக மண்டப விளக்குகள். தென்னாப்பிரிக்காவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் குழல் விளக்குகளும் பல எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/500 விநாடியில் எடுக்கும்போது அந்தத் துடிப்பு ஒரு படத்தில் மேல்பாதியை இருட்டாக்கி அடுத்த படத்தில் கீழ்ப்பாதியை மஞ்சளாக்கும். பார்ப்பதற்கு ஷட்டர் திரை மந்தமானது போலவே இருக்கும். வேகத்தை 1/100 அல்லது 1/50-க்கு இறக்கியதும் அது மறைந்தால் குறை விளக்கில்தான். மேடையில் வண்ண எல்.இ.டி. விளக்குகள் இருந்தால் மின்னணு ஷட்டரில் கோடு கோடாக விழுவதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாம் படி: பகல் வெளிச்சத்தில் சுவர்ச் சோதனை

மேலே சொன்னவற்றை விலக்கிய பின், பகலில், செயற்கை விளக்கு எதுவும் விழாத வெள்ளைச் சுவருக்கு முன்போ சீரான மேகமூட்ட வானத்தை நோக்கியோ கேமராவை முக்காலியில் நிறுத்துங்கள். சூரியனை நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். லென்ஸ் குவிக்கும் வெப்பம் ஷட்டர் தகடுகளையே உருக்கிவிடும். எல்லாவற்றையும் கைமுறையில் வையுங்கள். ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிடுங்கள். சுவரின் புள்ளிகள் கண்ணைக் குழப்பாது. மின்னணு முதல் திரையையும் மின்னணு ஷட்டரையும் மெனுவில் அணைத்து, எந்திர ஷட்டரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1/60 விநாடி, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 100 என்று தொடங்கி, சரியான வெளிச்சம் வரும்படி துவாரத்தை அமைத்து, அதன் பிறகு துவாரத்தைத் தொடாதீர்கள். அடுத்து 1/125-க்கு 200, 1/250-க்கு 400, 1/500-க்கு 800, 1/1000-க்கு 1600, 1/2000-க்கு 3200, 1/4000-க்கு 6400 என்று வேகமும் ஐ.எஸ்.ஓ.வும் சேர்ந்தே இரட்டிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து படங்கள் எடுங்கள். கணக்குப்படி முப்பத்தைந்து படங்களும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பின்னவற்றில் புள்ளி இரைச்சல் மட்டும் கூடியிருக்கும்.

வேகம் கூடக்கூட ஒரு நீளப் பக்கம் மட்டும் இருண்டுகொண்டே போனால், இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று பொருள். 1/2000-க்கு மேல் படம் முழுக்கக் கறுப்பாக விழுந்தால் இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடித்துவிடுகிறது. எல்லா வேகத்திலும் படம் வெள்ளையாக வெளுத்தால் இரண்டாம் திரை மூடவில்லை. ஐந்தில் ஒன்று மட்டும் பழுதாகி மற்றவை சரியாக இருந்தால், அது தேய்மானத்தின் ஆரம்பக் கட்டமாக இருக்கலாம். கடைக்காரருக்குக் காட்ட அந்தப் படங்களைத் தனிக் கோப்பில் வைத்திருங்கள். மூலைகளில் எப்போதும் ஒரே மாதிரி தெரியும் மெல்லிய இருட்டு லென்ஸின் இயல்பு. அதை ஷட்டர் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பிழைச் செய்தி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கேனானில் 01 என்பது லென்ஸ் தொடர்பு, 20 என்பது எந்திரப் பகுதி, 30 என்பது ஷட்டர். பழைய மாடல்களின் 99 எதை வேண்டுமானாலும் குறிக்கலாம், அதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

மூன்றாம் படி: உள்ளே பாருங்கள், தொடாதீர்கள்

டி.எஸ்.எல்.ஆர். என்றால் லென்ஸைக் கழற்றி, கண்ணாடியை உயர்த்தும் சுத்தம் செய்யும் மெனுவில் நுழையுங்கள். கண்ணாடி எழுந்து ஷட்டரும் திறக்கும். சென்சாரின் ஓரத்தில் வளைந்த தகடோ, பாதி தொங்கும் தகடோ, உடைந்த துண்டோ தெரிகிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மிரர்லெஸ் கேமராவில் சில மாடல்கள் அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். அந்த நிலையில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சீராகப் படிந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

விரலோ துணியோ அந்தத் தகடுகளில் படக் கூடாது. கடையில் விற்கும் அழுத்தக் காற்றுக் குப்பி வேண்டவே வேண்டாம். அதன் வேகம் தகட்டை வளைத்துவிடும், அதிலிருந்து தெறிக்கும் குளிர்ந்த திரவம் சென்சாரில் படியும். உடைந்த துண்டு தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அடுத்த ஒரு கிளிக் அந்தத் துண்டைச் சென்சாரின் மேல் இழுத்துக் கீறிவிட்டால், ஷட்டர் செலவு பல மடங்கு பெரிய சென்சார் செலவாக மாறும். ‘இன்னும் ஒரு நிகழ்ச்சி மட்டும்’ என்று உடைந்த ஷட்டரை இழுத்துப் பிடித்து ஓட்டுவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை; அந்த வார இறுதிக்கு ஒரு பாடியை வாடகைக்கு எடுங்கள்.

இணையத்தில் காணொளி பார்த்துத் தாமே திறக்க நினைப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளமைந்த ஃப்ளாஷ் உள்ள பாடிகளில் ஏறத்தாழ 300 வோல்ட் தேக்கி வைத்திருக்கும் ஒரு மின்தேக்கி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உதைக்கும். அதைத் தாண்டினாலும், ஷட்டரை எடுக்கச் சென்சாரையோ கண்ணாடிப் பெட்டியையோ கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது சென்சார் இம்மி அளவு சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும். திரைகளின் நேரத்தைச் சரிசெய்யும் கருவியும் நிறுவனத்தின் மென்பொருளும் வீட்டில் இராது. பில்லில் உதிரிப் பாகத்தைவிடக் கூலி பெரிதாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் இந்த வேலைகள்தாம்.

நான்காம் படி: காசு கொடுக்கும் முன் இலவசத்தைத் தேடுங்கள்

சில மாடல்களில் ஷட்டர் குறை உற்பத்தியிலேயே இருந்து, நிறுவனமே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நிக்கான் டி600-இல் சென்சாரின் மேல் புள்ளிகள் படிந்த சிக்கலுக்காக 2014-இல் நிறுவனம் ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. டி750-இல் படத்தின் ஒரு பகுதி இருட்டாக விழும் ஷட்டர் குறைக்காக 2015-இல் இலவசச் சேவையை அறிவித்து, பிறகு இன்னும் பல வரிசை எண்களுக்கும் அதை விரிவுபடுத்தியது. இப்படிப்பட்ட அறிவிப்புகள் வரிசை எண்ணைப் பொறுத்தவை. எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் மாடலின் பெயரையும் வரிசை எண்ணையும் வைத்து நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் தேட ஐந்து நிமிடம்தான் ஆகும். 

பாடி புதிதாக இருந்தால் வாங்கிய தேதியைப் பாருங்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி, கடையில் வாங்கிய பொருள் ஆறு மாதத்துக்குள் குறைபட்டால் பழுதுபார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ நீங்கள் கேட்கலாம். மூன்றில் எது என்பதைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள், கடைக்காரர் அல்லர். பழைய பொருள்களை வணிகமாக விற்கும் கடைகளுக்கும் இது பொருந்தும். தனியார் ஒருவரிடம் விளம்பரம் பார்த்து வாங்கிய கேமராவுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, அதாவது உள்ளது உள்ளபடி என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆகவே அப்படி வாங்கும்போது பணம் கொடுக்கும் முன்பே மேற்சொன்ன சுவர்ச் சோதனையை விற்பவர் வீட்டு வாசலிலேயே செய்துவிடுங்கள்.

‘கிரே’ இறக்குமதி என்ற ஒன்றும் உண்டு. அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத பொருள் என்றால் அதை விற்பவர் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. விலை குறைவாக இருப்பதற்கு ஈடாக, உற்பத்தியாளரின் உள்ளூர் வாரண்டி இல்லாமல் போகலாம். சேவை மையம் காசுக்குக்கூட அதைத் தொட மறுப்பதும் உண்டு. பழைய பில்லைத் தேடி எடுத்து, உங்கள் பாடி எந்த வகை என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள்

நான் செய்யாமல் விட்டது இதைத்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பழுதுபார்ப்பவருக்கு மூன்று கட்டுப்பாடுகளை வைக்கிறது. மதிப்பீடு கொடுத்து உங்கள் ஒப்புதல் பெறாமல் அவர் வேலைக்குக் காசு கேட்க முடியாது. மதிப்பீடு வேண்டாம் என்று நீங்களே எழுத்திலோ வேறு பதிவு செய்யத்தக்க முறையிலோ சொன்னாலொழிய. மதிப்பீட்டுக்காகத் திறந்து பார்ப்பதற்கு, அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே காசு வாங்கலாம். ஒப்புக்கொண்ட தொகையைத் தாண்டும் என்றால் மறுபடி உங்களைக் கேட்க வேண்டும். நீங்கள் தனி நபராகத் தொழில் செய்தாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், சொத்து மதிப்பும் ஆண்டு விற்றுமுதலும் 20 லட்சம் ராண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

கொட்டேஷனில் ஷட்டர் அலகின் விலை, கூலி, திரைகளின் நேரத்தையும் ஃபோகஸையும் சரிசெய்யும் கட்டணம், 15 சதவிகித மதிப்புக்கூட்டு வரி, திருப்பி அனுப்பும் செலவு ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். வரி சேர்த்த தொகையா, சேர்க்காத தொகையா என்று கேட்காமல் இரண்டு கடைகளை ஒப்பிட்டால் கணக்கு பிசகும். மாட்டப்போவது புதிய அலகா, வேறொரு கேமராவிலிருந்து கழற்றியதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய ஷட்டருக்கும் ஓடிய எண்ணிக்கை உண்டு. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காகப் பாதி ஆயுள் முடிந்த ஒன்றை மாட்டி, அதே கூலியை இன்னொரு முறை கட்டுவது புத்திசாலித்தனம் அன்று.

‘ஷட்டரை மாற்றுங்கள்’ என்று சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எந்த லென்ஸில், எப்படிப்பட்ட படம் விழுகிறது என்பதைச் சொல்லி, சோதனைப் படங்களையும் கொடுத்து, காரணத்தைக் கண்டறியச் சொல்லுங்கள். மருத்துவரிடம் நோயின் அறிகுறியைச் சொல்வதற்கும் மருந்தின் பெயரைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

ஆறாம் படி: மாற்றுவதா, விட்டுவிடுவதா

என் கணக்கு இதுதான். உங்கள் மாடல், பழுதில்லாமல், சராசரி எண்ணிக்கையுடன் இன்று பழைய சந்தையில் என்ன விலைக்கு விற்கிறது என்று நான்கைந்து விளம்பரங்களைப் பாருங்கள். வரி உட்பட வந்த கொட்டேஷன் அந்த விலையில் பாதிக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். பாதியைத் தாண்டினால் வேறு பாடியைத் தேடுங்கள். எடுத்துக்காட்டாக, பழைய சந்தையில் 12,000 ராண்டுக்குப் போகும் பாடிக்கு 4,500 ராண்ட் கொட்டேஷன் வந்தால் நான் யோசிக்க மாட்டேன். அதே தொகையை 6,000 ராண்ட் பாடிக்குக் கேட்டால் கொடுக்க மாட்டேன். இந்தப் பாதிக் கணக்குக்கு விதிவிலக்கும் உண்டு. இரண்டு ஒரே மாதிரிப் பாடிகளுடன் திருமணம் எடுப்பவருக்கு ஒன்றை மட்டும் வேறு மாடலாக மாற்றுவது பேட்டரி, கார்டு, நிறம் என்று எல்லாவற்றையும் குழப்பும். அவர் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தும் மாற்றலாம். மறுபுறம், அடித்தளத் தகடு அரித்து, உப்புக் காற்றில் பொத்தான்கள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிய பாடிக்குப் பாதிக்குக் கீழ் வந்தாலும் வேண்டாம். அடுத்து வேறொன்று போகும். உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன மாடலுக்குப் புதிய அலகே கிடைக்காமல் போவதும் உண்டு, அப்போது இந்தக் கேள்விக்கே இடமில்லை.

எந்திர ஷட்டரே இல்லாத கேமராக்களும் வந்துவிட்டன. 2021-இல் வந்த நிக்கான் இசட்9-உம், 2023-இல் வந்த இசட்8-உம் அப்படிப்பட்டவை. ஷட்டர் செலவுக்குப் பயந்து அவற்றை வாங்குவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும். அவற்றை வாங்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

தொழிலாக எடுப்பவர்கள் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழுதுபார்க்கும் செலவை வருமான வரிச் சட்டத்தின் 11(டி) பிரிவின் கீழ் அந்த ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கும் ஒளிப்படக் கருவியை, தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையான சார்ஸ் ஆறு ஆண்டுகளில் பிரித்துக் கழிக்க அனுமதிக்கிறது, 7,000 ராண்டுக்குக் குறைவான பொருளை மட்டும் ஒரே ஆண்டில் கழிக்கலாம். வீட்டுக் காப்பீட்டை நம்ப வேண்டாம். இயல்பான தேய்மானத்தைக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை, தொழிலுக்குப் பயன்படுத்தும் கருவியைப் பல வீட்டுக் காப்பீடுகள் அடியோடு விலக்கிவிடுகின்றன.

ஏழாம் படி: கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்

கார்டு, பேட்டரி, பட்டை, லென்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வரிசை எண் தெரியும்படி பாடியைச் சுற்றிலும் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். குறை லென்ஸுடன் சேர்ந்துதான் வருகிறது என்றால் அந்த லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள். டர்பனிலிருந்து ஜொஹானஸ்பர்க்குக்குக் கூரியரில் அனுப்ப நேர்ந்தால் முழு மதிப்புக்கும் காப்பீடு செய்யுங்கள். ரசீதில் மாடலும் வரிசை எண்ணும் இருக்கட்டும்.

கழற்றிய பழைய ஷட்டரைத் திருப்பிக் கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி, மாற்றிய பாகங்களைத் தனியே எடுத்து வைத்து உங்களிடம் ஒப்படைப்பது அவர்கள் கடமை. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால்தான் வைத்துக்கொள்ளலாம். தகடுகளில் பளபளப்பாகத் தேய்ந்த கோடுகளோ வளைந்த மூலையோ தெரிந்தால் உண்மையிலேயே மாற்றவேண்டியிருந்தது என்று மனம் ஆறும். எனக்குத் திரும்பி வந்த ஷட்டரில் ஒரு கீறல்கூட இல்லை.

கேமரா கைக்கு வந்த அன்றே, கடையை விட்டுப் புறப்படும் முன் முடிந்தவரையும், மீதியை வீட்டிலும் சோதித்துவிடுங்கள். அதே சுவர், அதே முப்பத்தைந்து படங்கள். பிறகு ஒரு செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, லென்ஸின் பெரிய துவாரத்தில் நேராக எடுத்து, நான்கு மூலைகளும் ஒரே கூர்மையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; ஒரு பக்கம் மட்டும் மங்கினால் சென்சார் நேராக உட்காரவில்லை. எஃப்/16-இல் வெற்று வானத்தை எடுத்துப் பார்த்தால் சென்சாரில் தூசியோ எண்ணெயோ விட்டிருக்கிறார்களா என்பது தெரியும். புது ஷட்டர் முதல் சில ஆயிரம் கிளிக்குகளில் நுண்ணிய எண்ணெய்ப் புள்ளிகளைத் தெறிப்பது உண்டு. ஒரு மாதம் கழித்து இதே வானப் படத்தை இன்னொரு முறை எடுங்கள். எண்ணிக்கையைச் சுழியாக்கினார்களா, பழைய எண்ணையே விட்டார்களா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நாளை விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.

அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, மாட்டிய பாகத்துக்கும் அதற்கான கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. கடைக்காரர் பில்லில் எழுதாவிட்டாலும் உண்டு. கவனக்குறைவாகப் பயன்படுத்திக் கெடுத்தால் அது செல்லாது. டிசம்பரில் மாற்றிய ஷட்டருக்குத் தைப்பூசம் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே வந்துவிடும். திருநீறும் கற்பூரப் புகையும் கலந்த கூட்டத்தின் நடுவே லென்ஸ் மாற்றாதீர்கள். புனித வெள்ளியையொட்டி நடக்கும் தீமிதியில் பறக்கும் சாம்பலுக்கும் அதே எச்சரிக்கை. இரண்டு பாடி இல்லாதவர்கள் ஒரே ஜூம் லென்ஸோடு அன்றைய பொழுதை முடித்துக்கொள்ளலாம்.

மூன்று மாதத்துக்குள் பழைய குறையே திரும்பினால், எழுத்தில் கடைக்குத் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான ஓம்புட்ஸ்மன் அலுவலகத்தில் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். 20,000 ராண்ட் வரையிலான தொகைக்கு வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கும் போகலாம். அங்கே கேட்கப்போவது கொட்டேஷன், பில், சோதனைப் படங்கள் ஆகிய மூன்றைத்தான். கேமராவில் தேதி சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதனைக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேட்டரி இல்லாமல் வாரக்கணக்கில் கடையில் கிடந்த பாடி தேதியை மறந்துதான் திரும்பி வரும்.